கரிமணலும் காசு தேடுங் கருவியும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியன் ஒருவனிடம் அவர்கள் எதிர்பார்த்தது சங்கச் செய்யுளைப் பற்றியோ குறளின் சிறப்பைப் பற்றியோ சில பக்கங்களே என்பதை யான் அறியாமலில்லை. அவற்றை எழுத வல்லார் இம்மலரில் வேறு பலர் உளர். யான் எடுத்துக்கொண்ட பொருள் மண்ணுட் கிடக்கும் பழங்காசுகளும் அவற்றைத் தேடும் உலோகங்காட்டுங் கருவியும் ஆகும். யான் பொறியியல் கற்றவனல்லேன். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழே என் தகுதி. எனினும் புல்மோட்டையிற் பல்லாண்டு கற்பித்தவன் என்ற முறையில், இக்கருவி எவ்வாறு திருந்தவேண்டும் எனச் சொல்ல எனக்குச் சிறிது உரிமை உண்டென்று கருதுகின்றேன். இக்கருவியைத் திணறச் செய்யும் மண் எங்கள் ஊர் மண்.

சில மாதங்களுக்கு முன் ஒருநாட் காலை, எட்டாந் தர மாணவன் ஒருவன் பொலித்தீன் பையொன்றிற் சுற்றிய காசொன்றை என் மேசைமீது வைத்தான். "எங்கட வாப்பா கரையில எடுத்தது சேர். புளி போட்டு நல்லாத் தேய்ச்சுக் கொண்டு வந்திருக்கன். இது எவ்வளவு போகும்?" என்றான். செப்புக் காசு. பளபளவென்று மின்னியது, மின்னியதனாலேயே எனக்கு நெஞ்சு வருந்திற்று. ஒரு பக்கத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பின்னிய மூன்றெழுத்து முத்திரை தெரிந்தது. மறு பக்கம் புளியும் சாம்பலும் சேர்ந்து மழித்துவிட்ட வெறுந் தகடு. ஆண்டு இருந்த இடமும் அதுவே.

"இது துட்டு" என்றேன். வகுப்புச் சிரித்தது. துட்டு என்னும் சொல்லே இக்காசினால் வந்தது என்றும், ஒல்லாந்தர் தம் சிறு செப்புக் காசை 'டொய்ற்' என அழைத்ததே நம் வாயில் துட்டாயிற்று என்றும் விளக்கினேன். சிரிப்பு அடங்கியது. சீனத்துச் சிறு காசை ஆங்கிலேயர் 'காஷ்' என்று வழங்கியது நம்முடைய 'காசு' போர்த்துக்கேயர் வழியாக அவர்களிடம் சென்றதனாலேயே என்று அதனோடு சேர்த்துச் சொன்னேன். ஒரு சொல்லைக் கொடுத்து வேறொரு சொல்லை வாங்கியிருக்கின்றோம். வாணிகம் என்றால் அப்படித்தான். பின்னர் அவனைக் கேட்டேன்: "எந்தக் கரையில் எடுத்தது?" "கரையிலதான் சேர்." "எந்த இடத்தில்? எவ்வளவு ஆழத்தில்? அருகில் ஓட்டுத்துண்டு, செங்கல் ஏதும் கிடந்ததா?" அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் தந்தையைக் கேட்டுவந்தும் தெரியவில்லை. கொக்கிளாய் முகத்துவாரம் முதற் குச்சவெளி வரை எல்லாமே கரைதான்.

அக்காசு எடுக்கப்பட்ட கதையையும் அவன் மூலமே அறிந்தேன். நகரத்திலிருந்து இளைஞர் சிலர் 'ஸ்கேனர்' ஒன்றைக் கொண்டு வந்தனராம். கரிமணலிற் கால் வைத்ததும் அக்கருவி மாரிகாலத் தவளைபோற் கத்தத் தொடங்கியதாம். ஒலித்த இடமெல்லாம் தோண்டினர். சோடாப் போத்தல் மூடிகளும், வலையீயங்களும், துருப்பிடித்த ஆணிகளும் வந்தன. உச்சி வெயில் ஏறியதும் குழிகளை மூடாமலே போய்விட்டனர். மறுநாள் வலை இழுக்க வந்த மாணவனின் தந்தையார் அக்குழியொன்றின் மேட்டிற் காசைக் கண்டெடுத்தார். நகரத்துக் கருவி தேடித் தோற்றதை வெறுங்கண் கண்டது.

அக்கருவி தோற்றது ஏன் என்பது வெளியூர் அன்பர்களுக்கு விளங்க, எங்கள் மணலைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். திருகோணமலைக்கு வடக்கே கரையோரமாக ஏறக்குறைய 55 கிலோமீற்றர் சென்றால் வருவது புல்மோட்டை. இங்குக் கடற்கரை மணல் கறுப்பு. இல்மனைற்று, உரூற்றைல், சிர்க்கோன் முதலிய கனியங்கள் அதிற் செறிந்துள்ளன. வாடைக்காற்றுக் காலத்தில் அலை இவற்றை அள்ளிவந்து கரையிற் குவிக்கும். இம்மணலை எடுத்துப் பிரிப்பதற்கென்றே 1957இற் கனியமணற் கூட்டுத்தாபனம் தோன்றியது. இன்று அது லங்கா மினரல் சான்ட்ஸ் என்னும் அரச கம்பனி. காந்தத்தாற் சிறிது இழுபடும் இல்மனைற்றும், அதனினும் பன்மடங்கு இழுபடும் மக்னற்றைற்றும் இம்மணலில் உள்ளன. பாடசாலைக் காந்தமொன்றை மணலில் இழுத்துப் பார்த்தால் மீசை முளைத்தாற்போல் மணி ஒட்டிக்கொண்டு வரும். இதனைக் காணாத மாணவன் எங்கள் ஊரில் இல்லை.

இனிக் கருவிக்கு வருவோம். அதன் தத்துவம் எளிது. வட்டத் தலைக்குள் இரு கம்பிச் சுருள்கள். ஒன்றில் ஆடலோட்டம் பாய்ந்து நிலத்துள் மாறுங் காந்தப்புலத்தை உண்டாக்கும். அப்புலம் மண்ணுட் கிடக்கும் உலோகத்திற் சிறு சுழல் மின்னோட்டங்களை எழுப்ப, அவை தாமும் ஒரு புலத்தைத் திருப்பி அனுப்பும். மற்றைச் சுருள் அதனைக் கேட்கும். கொடுத்ததற்கும் கேட்டதற்கும் இடையில் எவ்வளவு தாழ்ச்சி என்பதை அளந்து, நன்கு மின்கடத்தும் வெள்ளியோ செம்போ, கடத்துதிறன் குறைந்த ஈயமோ தகரமோ என்று கருவி ஊகிக்கும். ஊகிக்கும் என்பதே சரி. அறியும் என்பது விளம்பரக்காரர் மொழி.

இத்தகைய கருவி பிறந்தது காசு தேடுவதற்கன்று. 1881இல் அமெரிக்க சனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டபொழுது, அவருடலிற் பொதிந்த குண்டைக் காண்பதற்குத் தொலைபேசி கண்ட கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைச் செய்து வந்தார். குண்டு அகப்படவில்லை. படுக்கையின் உருக்குச் சுருள்கள் அவர் கருவியைக் குழப்பின. தேடும் பொருளுக்கு அடியிற் கிடப்பது தேடுபவனை ஏமாற்றும் என்ற பாடம் அன்றே படிக்கப்பட்டது. எங்கள் கரையில் அப்படுக்கைச் சுருள்களின் இடத்திற் கரிமணல் இருக்கின்றது.

கருவியைத் திருத்தவேண்டும் என்போர் முதலிற் கேட்பது ஆழம். இன்னும் ஆழமாகக் காட்டு, இன்னும் ஆழமாகக் காட்டு என்று கேட்கின்றனர். இவ்விடத்து இயற்கை இட்ட வேலியை நம் இளைஞர் அறிதல் நன்று. சுருளிலிருந்து விலக விலகக் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். காசு திருப்பி அனுப்பும் புலமும் அவ்வாறே குறைந்து வரும். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. ஆகவே ஆழம் இருமடங்கானால் மறுமொழி அறுபத்துநான்கில் ஒரு பங்களவுக்கு இளைத்துவிடும். நல்ல கருவியுங்கூடத் தனிக் காசொன்றை ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றேகாற் சாண் ஆழத்திற் காட்டினால் அது பெரிது. பத்தடி ஆழத்துப் பொன்னைப் பாதையில் நின்றே காட்டும் என்று கூறி இலட்சக்கணக்கிற் பணம் வாங்குவோரை யாவரென்று சொல்லவும் வேண்டுமோ? இங்கிலாந்தில் மக்கோமிக் என்பவன், தொலைந்த கொல்ப் பந்தைக் காட்டும் என்று விற்கப்பட்ட விளையாட்டுப் பொருளை ஒத்த வெறுங் கூட்டை வெடிகுண்டுங் காட்டும் என்று ஈராக் நாட்டிற்கு விற்றுச் செல்வம் சேர்த்து, 2013இற் பத்தாண்டுச் சிறை பெற்றான். வெடிகுண்டு தேடிய அரசே அவ்வாறு ஏமாறும்பொழுது, புதையற் பூசைக்குச் சேவல் வாங்கும் நம்மவர் ஏமாறுவதில் வியப்பில்லை.

ஆழத்தை விடக் கருவிக்கு வேண்டியது செவிச்சீர். கரிமணலின் இரைச்சலைத் தள்ளிவிட்டு அதனுள்ளே காசின் மெல்லொலியைக் கேட்கும் செவி. 'நிலச்சமன்' என்னும் ஏற்பாடு இதற்கென்றே உள்ளது. மண் தரும் மறுமொழியை முதலில் அளந்து அதனை இன்மையாகக் கொள்வது. ஆனால் எங்கள் கரையில் மண் ஒரு தன்மைத்தன்று. அலை பிரித்து வைத்த கறுப்புக் கோடும் வெண்மணலும் புடைவைக் கரைபோல் மாறி மாறிக் கிடக்கும். ஓரடிக்கு ஒருமுறை சமன் பிழைத்துவிடும். அதன்மேல் உப்பீரம் வேறு தானும் மின்கடத்தி நின்று குழப்பும். ஒரே மீடிறனில் இயங்குங் கருவி கரிமணலைச் சமன்செய்தால் உப்பைச் சமன்செய்ய மாட்டாது. பல மீடிறன்களில் ஒருங்கே இயங்குங் கருவிகள் இவ்விரண்டையும் ஒருவாறு பிரித்தறியும். விட்டுவிட்டு அடிக்கும் மின்றுடிப்புக் கருவிகள், ஒவ்வொரு துடிப்பும் நின்றபின் மறுமொழி தேய்வதை மட்டுங் கேட்பதனாற் கரிமணலுக்கு அஞ்சா. ஆனால் ஆணியையும் காசையும் வேறுபடுத்தும் ஆற்றல் அவற்றுக்குக் குறைவு. இரண்டின் குணமும் ஒன்றாய்ச் சேர்ந்து, நடக்க நடக்கத் தானே மண்ணைக் கற்றுக்கொள்ளுங் கருவி வருமாயின், அதற்குத் தேர்வு மண்டபம் புல்மோட்டையாய் இருக்கட்டும். இங்குத் தேறியது எங்குந் தேறும்.

அடுத்து, கருவியின் முகத்தில் எழுதப்படும் பொய்யைப் பற்றிச் சொல்லவேண்டும். இக்காலக் கருவிகள் ஓர் எண்ணைக் காட்டி, அதன் அருகே 'தங்கம்' என்றும் 'வெள்ளி' என்றும் 'குப்பை' என்றும் பெயரிடுகின்றன. அவ்வெண் பொருளின் கடத்துதிறனையும் பருமனையும் வடிவையும் சேர்த்துப் பிழிந்த ஒரு சாறு. அதிலிருந்து பொருளின் பெயரைச் சொல்ல இயலாது. மெல்லிய பொன் மோதிரமும் சொக்கலேற்றுச் சுற்றிய தாளும் ஒரே எண்ணைத் தரும். இலங்கையிற் பெருந்தொகையாகக் கிடைத்துள்ள உரோமச் செப்புக் காசுகள் பெரும்பாலும் கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுக்குரியவை. விரல் நுனியளவே ஆனவை, கரைந்து மெலிந்தவை. 'குப்பையை ஒதுக்கு' என்று கட்டளையிட்டால் அவற்றையுங் கருவி ஒதுக்கிவிடும்.

இதனினும் நம் நெஞ்சைத் தொடுவது ஈயக்காசு. தெற்கே திசமகாராமைக்கு அணித்தான அக்குறுகொடையிற் கிடைத்த பழங்காசுகளை ஒஸ்மண்ட் போபேஆராச்சியும் விக்கிரமசிங்கவும் 1999இல் நூலாக வெளியிட்டனர். அவற்றுட் சில ஈயக்காசுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் உள்ளன. ஐராவதம் மகாதேவன் போன்ற எழுத்தறிஞர் அவற்றைப் படித்து விளக்கினர். தென்னிலங்கையில், ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டின் முன், தமிழ்ப்பெயர் பொறித்துக் காசு அடித்தவர் இருந்தனர்! இதனைச் சொல்லும்போது என் குரல் வகுப்பிற் சற்று உயர்ந்துவிடும் என்று மாணவர் கேலி செய்வர். ஆனால் அக்காசுகள் அகழ்வாளர் கரண்டியால் அடுக்கடுக்காய் எடுக்கப்பட்டவை அல்ல. பொறுக்கியவரிடமிருந்து சேகரிப்போர் கைக்கு வந்தவை. எந்த அடுக்கில், எந்தச் சுவரடியில், எந்தப் பானையோட்டின் பக்கத்தில் இருந்தன என்று சொல்வார் இல்லை. எழுத்தின் வடிவைக்கொண்டே காலம் கணிக்கவேண்டியதாயிற்று. மறுக்க விரும்புவோருக்கு ஒரு வாயில் எப்பொழுதும் திறந்து கிடக்கின்றது. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்தவர் கையிற் சங்ககாலச் சேரர் காசுகள் எத்தனையோ வந்தன. மன்னர் பெயர்கள் கிடைத்தன, ஆனால் அவற்றைத் தாங்கிக் கிடந்த மண் கிடைக்கவில்லை.

எங்கள் கரையில் அத்தகைய ஈயக்காசு ஒன்று கிடப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தில் மீனவர் வலையிலிருந்து அறுந்த ஈயக்குண்டு கிடக்கும். கருவிக்கு இரண்டும் ஒன்றே. 'குப்பை' என்று எழுதிக்காட்டும். ஆகவே யான் வேண்டுவது, 'இன்னதென்று அறியேன்' என்று சொல்லத் துணிந்த கருவி. அறியாததை அறியேன் என்பது மாணவனுக்கும் ஆசிரியனுக்கும் அழகென்றால், கருவிக்கு மட்டும் இழிவாகுமோ?

நிற்க. இதுகாறுஞ் சொன்னவை ஆறுதலாகப் பேசத்தக்கவை. இனிச் சொல்லப்போவது உயிர் பற்றியது.

எங்கள் ஊருக்கு அயலே தென்னமரவாடி என்னும் பழைய தமிழ்க் கிராமம் உண்டு. 1984இல் இடம்பெயர்ந்த அவ்வூர் மக்கள், 2009இற் போர் முடிந்த பின்னரே திரும்பத் தொடங்கினர். இடைப்பட்ட கால்நூற்றாண்டில் இவ்வட்டாரத்து மண்ணில் விதைக்கப்பட்டது நெல்லன்று. உலோகங்காட்டுங் கருவியை எங்கள் பக்கத்தார் முதன்முதல் நிரம்பக் கண்டது புதையல் தேடுவோர் கையிலன்று. முகமூடியும் கனத்த கவசமும் அணிந்து, முழந்தாளிட்டு நின்ற மிதிவெடி அகற்றுவோர் கையிலேதான். அவருட் பெண்கள் பலர். வரலாறும் அப்படியே. யோசெப் கொசாட்ஸ்கி என்னும் போலந்து நாட்டுப் படையலுவலர் இரண்டாம் உலகப் போரிற் செய்த மிதிவெடிகாட்டி 1942இல் எல் அலமெய்ன் போர்க்களத்தில் வழி திறந்தது. அவர் அதற்குக் காப்புரிமை கேளாது பிரித்தானியப் படைக்கு இனாமாகக் கொடுத்தார்.

காசு தேடுவோன் 'இரும்பை ஒதுக்கு' என்னும் பொத்தானை அழுத்துகின்றான். அவன் செவிக்கு இரும்பு இல்லாமற் போய்விடுகின்றது. மண்ணுள் இல்லாமற் போகவில்லை. எறிகணையும் கைக்குண்டும் பெரும்பாலும் இரும்புடல் கொண்டவை. அவற்றை மௌனமாக்கிவிட்டு, பக்கத்திற் கிடக்கும் பித்தளைத் தோட்டாக் கூட்டின் இன்னொலியைக் காசென்று எண்ணி மண்வெட்டியை ஓங்குகின்றான். போர் நடந்த மண்ணில் இது எத்துணைக் கொடிய ஏற்பாடு! மேலைநாட்டு வயல்வெளிக்கு என்று செய்த வசதி நமக்குக் கண்ணியாகின்றது. இங்கு விற்கப்படுங் கருவியில் இரும்பை முற்றாக ஊமையாக்கும் வசதியே இருத்தலாகாது. பருத்த இரும்பு அருகிருப்பின், காசொலியை அடக்கி, வேறெதனோடும் மயங்காத எச்சரிக்கை ஒலி எழவேண்டும். மிதிவெடி அகற்றும் பணியில் நிலத்துள் ஊடுருவும் ராடர் அலையையும் உலோக உணர்வையும் இணைத்த இரட்டைக் கருவிகள் உலகிற் பலவிடத்தும் பயன்படுகின்றன. புதைந்த பொருளின் உருவளவை ஓரளவு உணர்த்துவன அவை. அவ்வறிவு காசு தேடுங் கருவிக்கும் இறங்கி வரட்டும். ஆயினும் உலோகம் மிகக் குறைந்த பிளாஸ்திக்கு மிதிவெடிகளும் உண்டென்பதை மறக்கலாகாது. கருவி மௌனமாய் இருக்கின்றது என்பதனால் நிலம் நல்லது என்று கொள்வது அறியாமை. மாணவரே, சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாது, வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி அறிவியுங்கள். இதனை வகுப்பிற் பலமுறை சொல்லியிருக்கின்றேன், மலரிலும் சொல்கின்றேன்.

மிதிவெடி அகற்றுவோரிடம் யான் கண்டு வியந்தது அவர்தம் துணிவை மட்டுமன்று. நிலத்தைக் கயிறு கட்டிப் பிரித்து, ஒடுங்கிய பாதை பாதையாகச் சென்று, கண்ட ஒவ்வொன்றும் எங்கே கண்டது என்று குறித்து வைப்பர். தோண்டுதலினுங் குறித்தலுக்குக் காலம் மிகுதி. அதே கருவியைப் பிடித்த புதையற்காரனோ இருட்டில் வந்து, குறிப்பெதுவுமின்றிக் குழியை மட்டும் விட்டுச் செல்கின்றான். நான் கருவியிற் கேட்கும் பெருந்திருத்தம் இவ்விடத்தில் இருக்கின்றது. கருவிக்கு நினைவு வேண்டும்.

நினைவு எத்துணை மதிப்புள்ளது என்பதற்கு ஆங்கில நாட்டுச் செய்திகள் இரண்டு போதும். 1992 நவம்பரில் சபொக் மாவட்டத்து ஹொக்ஸ்ன் என்ற ஊரில், கமக்காரர் ஒருவர் வயலிற் தொலைத்த சுத்தியலைத் தேடிக் கொடுக்க அவருடைய நண்பர் எரிக் லோஸ் என்னும் முதியவர் கருவியோடு சென்றார். சுத்தியலுக்கு முன் பொன்னும் வெள்ளியும் வந்தன. இரண்டு பை நிறைந்ததும் அவர் கையை எடுத்துவிட்டார். எஞ்சியதைத் தோண்டாது அதிகாரிகளுக்கு அறிவித்தார். மறுநாள் தொல்லியலாளர் வந்து முறைப்படி எடுத்தபடியால், ஏறக்குறைய 15,000 உரோமக் காசுகளோடு, அவற்றைத் தாங்கி மக்கிப்போன மரப்பெட்டியின் அடையாளமும், பெட்டியின் சிறு பூட்டுகளும், உள்ளே பொருள்கள் அடுக்கப்பட்டிருந்த முறையுந் தெரியவந்தன. சுத்தியலுங் கிடைத்தது, அதுவும் இன்று பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றது. அவருக்கும் நிலத்தவருக்கும் பதினேழரை இலட்சம் பவுண் பரிசு கிடைத்ததென்பதையுஞ் சொல்லிவிடவேண்டும். நேர்மை அங்குப் பட்டினி கிடக்கவில்லை.

மற்றது 2010இல் புறூம் என்னும் ஊரினருகே நிகழ்ந்தது. கருவியொன்று பானை நிறைந்த 52,503 உரோமக் காசுகளைக் காட்டிக் கொடுத்தது. கண்டவர் பானையென உணர்ந்ததும் நிறுத்திக்கொண்டார். தொல்லியலாளர் காசுகளைப் பானையிலிருந்து அடுக்கடுக்காகப் பிரித்தெடுத்தனர். அவற்றுட் பிந்தியவை கறௌசியஸ் என்னும் அரசன் காலத்தவை. ஒருவன் ஆண்டுதோறும் சேமித்துப் போட்டிருந்தால் அவை பானையின் வாயருகே இருந்திருக்கவேண்டும். அவையோ பெரும்பாலும் பானையின் கீழ்ப்பாதியிற் கிடந்தன. ஆகவே சிறுகச் சிறுகச் சேர்த்த உண்டியலன்று, ஒரே முறையிற் கொட்டிய குவியல் என்பது புலனாயிற்று. காசைப் படித்து இதனை அறிய இயலாது. காசு கிடந்த இடத்தைப் படித்தே அறியலாகும். பானையைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தால் அரைலட்சம் காசும் இருந்திருக்கும், இவ்வறிவு இருந்திராது.

அந்நாட்டில் 1997 முதல், கண்டெடுத்த சிறு பொருள்களைப் பதியும் திட்டமொன்று நடைபெறுகின்றது. அலுவலர் மாவட்டந்தோறும் இருந்து, கருவிகொண்டு தேடுவோர் கொணர்வதைப் பார்த்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, புதையற் சட்டத்தின்கீழ் வாராத பொருளை உரியவரிடமே திருப்பிக் கொடுப்பர். பதிவு பத்து இலட்சத்தைக் கடந்து பல ஆண்டாயிற்று.

செய்மதி வழியே இடமறியும் ஆற்றலைக் கருவியில் ஏற்றுதல் புதிதன்று. 2012இல் வந்த மைன்லாப் சீடீஎக்ஸ் 3030 என்னுங் கருவி கண்ட இடத்தைத் தன்னுட் குறித்துவைக்கும். ஆனால் அந்நினைவு உடையவனின் சொந்த நினைவு. நல்ல இடத்துக்கு மீண்டும் தனியே வருவதற்கு உதவுவது. யான் கேட்பது சாட்சியாகும் நினைவு. தோண்டத் தொடங்கும் முன் இடத்தையும், ஒலியின் ஆழத்தையும், நாளையும் கருவி தானே பதியவேண்டும். காசு வெளிவந்ததும், கழுவாமுன் ஒரு படமும், குழியின் படமொன்றும் எடுத்தாலன்றி அடுத்த தேடலுக்கு அது அசையலாகாது. ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே ஒலி தொடருமாயின், 'இதற்குமேல் உன் வேலையன்று' என்று சொல்லவேண்டும். உழவு படாத மண்ணின் அடுக்கு அங்கேதான் இருக்கும். புளியால் தேய்க்காதே என்ற சொல்லும் தமிழிலும் சிங்களத்திலும் திரையில் வரட்டும். இவை செய்தற்கரியன அல்ல. என் மாணவர் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி இவற்றுட் பாதியை இன்றே செய்யும்.

'அப்படியானால் யார் வாங்குவார்?' என்று ஆசிரியர் அறையில் நண்பரொருவர் கேட்டார். நல்ல கேள்வி. நம் நாட்டுச் சட்டம் இவ்விடத்து மயக்கமின்றி இருக்கின்றது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, மண்ணுட் கிடக்கும் கண்டறியப்படாத தொல்பொருள் அரசுடைமை. நிலம் தனதென்பதனாற் பொருளுந் தனதென ஒருவன் சொல்ல இயலாது. உரிமமின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். தற்செயலாய்க் கண்டதையும் அறிவித்தல் கடமை. 1998ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. ஆகவே இக்கருவி தனியார் பொழுதுபோக்குக்கு அன்று. உரிமம் பெற்ற ஆய்வாளரும், பல்கலைக்கழக மாணவரும், அவர்தம் மேற்பார்வையில் ஊரவருங் கையாள்வதற்கே என்று நான் மறுமொழி சொன்னேன்.

நண்பர் விடவில்லை. "காசு கண்டவன் அறிவிக்கின்றான் என்றே வைத்துக்கொள். அடுத்த மாதம் அவன் காணியில் எல்லைக்கல் நடப்பட்டால்?" என்றார். இதற்கு என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை.

ஏனெனில் அவர் சொன்ன அச்சம் எங்கள் மாவட்டத்தில் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் இருக்கின்றது. தமிழர் வீட்டிலும் உண்டு, முஸ்லிம் வீட்டிலும் உண்டு. கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென்று 2020 யூனில் நியமிக்கப்பட்ட சனாதிபதி செயலணியில், தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரேனும் இருக்கவில்லை. இவ்விரு சமூகத்தாரும் செறிந்து வாழும் மாகாணத்துக்கு அவர் இல்லாத குழு! அத்தகைய சூழலிற் காசு கண்டவன் அதனை ஒளிப்பான், அல்லது உருக்குவான், அல்லது கொழும்பிலிருந்து வரும் வியாபாரிக்கு இரவோடிரவாக விற்பான். அவனைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அவன் ஒளிப்பதனால் இழப்பவன் அவனேதான் என்பதையும் சொல்லாமலிருக்க இயலாது. எங்களுக்குத் தெற்கே திரியாயில், பௌத்த தலமொன்றின் அருகே, பல்லவ கிரந்த எழுத்திற் சமக்கிருதக் கல்வெட்டொன்று வணிகர் கூட்டத்தாரைப் பற்றிப் பேசுகின்றது. பதவியாவிற் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பெரியகுளத்து இராசராசப் பெரும்பள்ளி தமிழ்ப் பௌத்தருக்குத் தமிழர் வேந்தன் பெயரால் நின்றது. இக்கரை ஒரு குலத்தார்க்கோ ஒரு சமயத்தார்க்கோ தனித்து உரியதாய் இருந்ததில்லை என்பதற்கு இவற்றினும் மேலான சான்று வேண்டுமோ? காசு இச்சான்றுகளிலெல்லாம் நடமாட்டம் மிக்கது. உரோமக் காசு கிடைத்த காணி உரோமருக்கு உரியதாகாது. ஒல்லாந்தத் துட்டுக் கிடைத்த கரையை ஒல்லாந்தர் கேட்டு வருவதில்லை. அவ்வாறே, எக்காசு கிடைத்ததைக் கொண்டும் எவர் காணியையும் தொடலாகாது என்று அரசு எழுத்தில் உறுதி தரவேண்டும். அறிவித்தவனுக்கு அவன் மொழியிற் பற்றுச்சீட்டும், தகுந்த பரிசும், காசு இம்மாவட்டத்திலேயே காட்சிக்கு வைக்கப்படும் என்ற வாக்கும் வேண்டும். பதிவுக் குழுவில் மூன்று சமூகத்தாரும் இருக்கவேண்டும். அவ்வுறுதி இல்லாதவரை, எத்துணை நினைவு கொண்ட கருவியைச் செய்தாலும், ஊரவன் முதற் செய்யும் வேலை அந்நினைவை அழிக்கும் வழி தேடுவதேயாகும். பொறியியலாளர் பாதி வழியே வரலாம். மற்றப் பாதி ஆட்சியாளருடையது.

அப்பாதி எப்பொழுது வருமென்று காத்திருத்தல் நம் வேலையன்று. எங்கள் வகுப்பிற் பழைய கொப்பியொன்றைக் 'காசுக் கொப்பி' என்று வைத்திருக்கின்றேன். எவரையும் தேடுமாறு நான் ஏவுவதில்லை. தோண்டினால் அடுத்த நாள் வகுப்புக்கு வெளியே நிற்கவேண்டும் என்று சொல்லியிருக்கின்றேன். தற்செயலாய்க் கண்டதைப் பற்றி எழுதலாம்: எந்த மரத்திலிருந்து எத்தனை கவடு, எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், அருகில் என்ன. துட்டுக் கொணர்ந்த மாணவன் தன் பக்கத்திற் 'கரையில்' என்று மட்டும் எழுதி, அதன் கீழே கோடிட்டு விட்டிருக்கின்றான். எழுத வேறொன்றும் அவனுக்குத் தெரியவில்லை. காசை உரிய அலுவலரிடம் ஒப்படைக்க அவன் தந்தையார் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றார். நான் வற்புறுத்தவில்லை, வாரம் ஒருமுறை நினைவூட்டுகின்றேன்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் மின்னியற் பொறியியலாளராய் மெல்பணிலும் தொறொன்றோவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். விழாவுக்கு வரும்பொழுது மண்டபத்துக்கு மின்விசிறியும் ஒலிபெருக்கியும் அன்பளிப்புச் செய்கின்றனர், நன்று. அவருள் ஒருவரேனும் மேலே சொன்ன கருவியைச் செய்து பார்க்க முன்வருவாராயின், மீனவர் மொழியில் ஒலிகளுக்குப் பெயரிடவும், திரையிற் தோன்றும் தமிழைப் பிழைதிருத்தவும் நான் ஆயத்தமாய் இருக்கின்றேன். சோதித்துப் பார்க்கக் கரிமணலை மூட்டை கட்டி அனுப்புக என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்கு எனக்கு அனுமதியில்லை. கருவியோடு நீங்கள்தாம் இங்கு வரவேண்டும். வாடைக்காற்று ஓய்ந்தபின், பங்குனி மாதத்தில் வந்தால் வெயிலும் தாங்கும்படியாக இருக்கும், புதிய கறுப்புக் கோடும் கரையில் நன்றாகத் தெரியும்.